ஆல்ஃபா 0.91 வந்துவிட்டது, அளவுகோல் தேறிவிட்டதா?

கேட்டவர் தண்டையார்பேட்டையில் இருக்கும் எம்.எஸ்சி. உளவியல் இரண்டாமாண்டு மாணவி. நன்றியுணர்வு, நம்பிக்கை, விடாமுயற்சி என்று மூன்று நற்குணங்களை அளக்கப் பார்க்கிறார். ஆங்கில அளவுகோல்களைப் பார்த்து, குணத்துக்கு எட்டு என்று 24 வாக்கியங்களைத் தமிழாக்கி, கூகுள் ஃபார்மில் ஏற்றி, வாட்ஸ்ஆப்பில் சுற்றவிட்டிருக்கிறார். ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வடசென்னை இளைஞர்கள் 312 பேர் நிரப்பியிருக்கிறார்கள். 24 வாக்கியங்களுக்கும் சேர்த்து க்ரோன்பாக் ஆல்ஃபா 0.91. "வேலிடேட் ஆயிடுச்சு, எழுதி முடி" என்கிறார் கைடு. எழுதலாமா என்பது கேள்வி.

ஆய்வை எழுதுங்கள். "வேலிடேட் ஆகிவிட்டது" என்ற அந்த ஒரு வரியை மட்டும் எழுதாதீர்கள். நான் உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தருகிறவன், வீடு பெரம்பூர். இந்த 0.91ஐ வைத்துக்கொண்டு வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள்.

முதலில் அந்த எண்ணையே பிரித்துப் பார்ப்போம். வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையும், வாக்கியங்கள் எத்தனை என்பதையும் சேர்த்துப் பிசைந்த எண்தான் ஆல்ஃபா. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வாக்கியங்களுக்கு இடையே சராசரி ஒட்டுறவு (கோரிலேஷன்) வெறும் 0.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாக்கியம் இருந்தால் ஆல்ஃபா 0.68. அதே 0.30, வாக்கியம் 24 ஆனால் 0.91. தரம் ஏறவே இல்லை, நீளம்தான் ஏறியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் போடுங்கள். உங்கள் மூன்று குணங்களும் உண்மையிலேயே தனித்தனி என்று வைத்துக்கொள்வோம். ஒரு குணத்தின் எட்டு வாக்கியங்களுக்குள் ஒட்டுறவு 0.50, வேறு குணத்து வாக்கியங்களோடு 0.20. அப்போதும் 24க்கும் சேர்த்து ஆல்ஃபா 0.91தான். ஆக, ஒரே குணம் மங்கலாகப் பரவியிருந்தாலும் 0.91, மூன்று தனிக் குணங்கள் தெளிவாகப் பிரிந்து நின்றாலும் 0.91. எது உங்கள் தரவில் நடந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. மூன்றுக்கும் ஒன்றோடொன்று ஒட்டே இல்லை, குறுக்கு உறவு பூஜ்யம் என்றாலும்கூட 0.81 காட்டும். "0.70க்கு மேல் இருந்தால் போதும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் அதையும் வாழ்த்தி வரவேற்பார்கள். ஆகவே மூன்று குணத்துக்கும் மூன்று ஆல்ஃபா தனித்தனியாகப் போடுங்கள், கூடவே ஆல்ஃபாவுக்கு மாற்றாக வந்த மெக்டொனால்டின் ஒமேகாவையும். ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும்.

லீ க்ரோன்பாக் ஆல்ஃபாவைப் பற்றி எழுதியது 1951இல். நாலு வருஷம் கழித்து, 1955இல், பால் மீலோடு சேர்ந்து அவரே எழுதிய கட்டுரைதான் ஏற்புடைமை (வேலிடிட்டி) பற்றிய இன்றைய பேச்சுக்கெல்லாம் அடித்தளம். அதன் சாரம் இது: குணம் கண்ணுக்குத் தெரியாத பொருள், அதைத்தான் அளக்கிறோம் என்பதற்குப் பல திசைகளிலிருந்து ஆதாரம் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், ஒரே எண்ணால் முடிகிற வழக்கு அல்ல அது. அவர் பெயரில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு அவருடைய மற்ற கட்டுரையை மறந்துவிட்டோம்.

இனி உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன். என் கணிப்பில் உங்கள் பிரச்சினை புள்ளியியலில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

'நன்றி' என்ற சொல்லை வடசென்னையில் யார், எப்போது சொல்கிறார்கள்? மேடையில் மைக் பிடித்தவர் கடைசியில் சொல்வார். கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், பேனரில் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போன பக்கத்து வீட்டு அண்ணனிடம் யாரும் "நன்றி" சொல்வதில்லை. சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். "சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்ணா" என்பார்கள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார்கள். தமிழில் நன்றி என்பது சொல்வதைவிட மறக்காமல் இருப்பதோடு ஒட்டியது. 'நன்றி மறந்தவன்' என்றுதானே திட்டுகிறோம்? மெக்கல்லோ, எம்மன்ஸ், சாங் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆறு வாக்கிய நன்றியுணர்வு அளவுகோல், நன்றி என்ற உணர்வு ஒருவருக்கு எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு ஆழமாக, எத்தனை பேர்மீது எழுகிறது என்ற கோணத்தில் அமைந்தது. அதை 'நன்றியுணர்வு கொள்கிறேன்' என்று பெயர்த்தால் பாடநூல் வாசனைதான் வரும். பதில் சொல்கிறவர் தன் குணத்தை நினைக்க மாட்டார், பள்ளிக்கூடத்துத் திருக்குறள் வகுப்பை நினைப்பார்.

அதுமட்டுமா, 'நன்றி கெட்டவன்' என்பது இங்கே மோசமான வசவு. அந்தப் பட்டம் தனக்கு ஒட்டுமென்று போனில்கூட யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் எட்டு நன்றி வாக்கியங்களில் ஒவ்வொன்றுக்கும், 1 முதல் 5 வரையான விடையில், எத்தனை பேர் 4, 5 மட்டும் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முக்கால்வாசிக்கு மேல் அங்கேயே குவிந்திருந்தால் அந்த வாக்கியம் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டவில்லை என்று அர்த்தம்.

'நம்பிக்கை' இன்னும் சிக்கல். சாமி மேல் நம்பிக்கை, கூட்டாளி மேல் நம்பிக்கை, தன்மேல் நம்பிக்கை, நாளைக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை என்று நாலுக்கும் நமக்கு ஒரே சொல். ஸ்னைடர் 1991இல் தந்த நம்பிக்கை (hope) அளவுகோலில் 12 வாக்கியங்கள். அதில் நாலு சும்மா இடைச்செருகல். மீதி எட்டில் பாதி இலக்கை எட்டும் உறுதியைப் பற்றியவை, பாதி அதற்கு வழி கண்டுபிடிப்பதைப் பற்றியவை. "எனக்கு வாழ்க்கையில் நம்பிக்கை இருக்கிறது" என்ற வாக்கியம் இந்த இரண்டில் எதையும் தொடாது. "ஒரு வழி அடைபட்டால் வேறு வழி யோசிப்பேன்" என்றால் தொடும்.

"நான் எதற்கும் பின்வாங்க மாட்டேன்" என்று விடாமுயற்சிக்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறீர்கள். இதே போன்ற ஒரு வரியை முன்பு நான் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியபோது ஒரு பையன் உடனே "சண்டைக்கா சார்?" என்றான். அவன் தனக்குத் தாராளமாக 5 போட்டுக்கொண்டான். பக்கத்தில் இருந்தவன் மூன்றாவது முறையாக போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் போட்டது 3. "நான் சண்டைக்கெல்லாம் போறதில்ல சார்." அளக்க நினைத்தது ஒன்று, அளந்தது அதற்கு நேர் எதிர். 24 வாக்கியத்தின் சராசரியில் இது மறைந்துபோகும், ஆல்ஃபா எட்டிக்கூடப் பார்க்காது.

"நாங்கள் மறுமொழிபெயர்ப்பு செய்தோம்" என்பீர்கள். பிரிஸ்லின் 1970இல் பரவலாக்கிய முறை: ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடுவது. செய்ய வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 'நன்றியுணர்வு' என்று எழுதினால் அது கச்சிதமாக ஆங்கில மூலத்துக்கே திரும்பிப் போகும். "செஞ்ச உதவியை மறக்க மாட்டேன்" என்று எழுதினால் திரும்பும்போது வேறு மாதிரி இருக்கும், குழு அதைத் தவறு என்று அடித்துவிடும். ஆங்கிலம் படித்த இருவரும் சேர்ந்து சொல்லுக்குச் சொல் வைத்த தமிழ்தான் இந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கும். கொருக்குப்பேட்டையில் அதைப் படிக்கிறவர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

எதிர்மறை வாக்கியங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் முன்பக்கமே வந்துவிடும். நமக்கு அது வினையின் வாலில் இருக்கிறது: "தொடங்கிய வேலையை முடிப்பதில்லை." கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே படிக்கிறவர் 'முடிப்ப' வரை படித்துவிட்டு 5 அடிப்பார். முழுதாகப் படித்தவருக்கோ "முடிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவில்லை" என்ற இரட்டை முடிச்சு. இதனால் எதிர்மறை வாக்கியங்கள் மட்டும் தனியாக ஒட்டிக்கொண்டு புதிய 'குணம்' போலத் தோன்றும். டக்வொர்த்தும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட விடாமுயற்சி அளவுகோலில் இரண்டு பகுதிகள் உண்டு. ஆர்வம் மாறாமை பற்றிய ஆறும் எதிர்த்திசையில் எழுதப்பட்டவை, உழைப்பு பற்றிய ஆறும் நேர்த்திசையில். இரண்டு பகுதி என்பது குணத்தின் பிரிவா, எழுத்தின் பிரிவா என்ற சந்தேகம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது.

அந்த 'ஆர்வம் மாறாமை' வாக்கியங்களில் எனக்கு வேறு வருத்தமும் உண்டு. மணலியில் கான்ட்ராக்டில் ஆறு மாதம், பிறகு ஹார்பரில் லோடு, பிறகு உணவு டெலிவரி என்று மாறுகிற பையனிடம் "நீ எடுத்ததை அடிக்கடி மாற்றுகிறாயா" என்று கேட்டால் அவன் ஆமாம் என்றுதான் சொல்வான். வேலை அவனை மாற்றியதை அவன் குணக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஒரே அளவு விடாமுயற்சி உள்ள இருவர், வாழ்க்கை வேறு என்பதால் ஒரு வாக்கியத்துக்கு வேறு பதில் தந்தால் அந்த வாக்கியம் சாய்ந்திருக்கிறது. சாய்வைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் முறை உண்டு. அதற்கு முந்தைய முறை, பத்துப் பேரோடு உட்கார்ந்து பேசுவது: ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கச் சொல்லி, "இது என்ன கேக்குது? உங்க வார்த்தையில சொல்லுங்க. எதை நினைச்சு இந்த நம்பர் போட்டீங்க?" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதுங்கள். ஆய்வேட்டில் உங்கள் உழைப்பு தெரிகிற பக்கம் அதுதான்.

ஃபார்முக்கு வருவோம். 24 வாக்கியத்தையும் ஒரே கட்டமாக, மேலே ஐந்து தலைப்போடு போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சின்ன போனில் அந்தக் கட்டத்தின் வலது ஓரம் தெரியாது, விரலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். தள்ளாதவர் கண்ணுக்குத் தெரிந்த மூன்றுக்குள்ளேயே ஒன்றைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார். உங்கள் ஃபார்மை உங்கள் போனில் திறந்து பாருங்கள். எத்தனை கட்டம் தெரிகிறதோ அத்தனைதான் உங்கள் அளவுகோல். ஒவ்வொரு வாக்கியமும் தனிக் கேள்வியாக, விடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும். விடைகளும் 'ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்', 'சற்றே ஒப்புக்கொள்கிறேன்' என்று இருந்தால் எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. 'அப்படியே என்னைப் போல', 'கொஞ்சம் என்னைப் போல', 'என்னைப் போலவே இல்லை' என்பது பேச்சுக்கு நெருக்கம்.

'ஒருவர் ஒரு முறை மட்டும்' என்ற அமைப்பைப் போட்டிருந்தால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். பாஸ்வேர்டு மறந்தவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள். போடாமல் விட்டால் ஒருவரே இரண்டு முறை நிரப்பலாம். நம் பக்கத்தில் ஒரே போனை அம்மாவும் தம்பியும் மாறி மாறி வைத்திருப்பதும் சாதாரணம். அப்புறம் இந்த ஃபார்ம் அனுப்பிய நேரத்தை மட்டும்தான் பதியும், திறந்த நேரத்தைப் பதியாது. 24 வாக்கியத்தை நாற்பது நொடியில் முடித்தவர் யார் என்று உங்களால் இப்போது கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை அடித்தவர்களையாவது வரிசை வரிசையாகத் தேடி எடுங்கள். வேடிக்கை என்னவென்றால், வாக்கியங்கள் பெரும்பாலும் நேர்த்திசையில் இருந்தால், அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தவர்கள் ஆல்ஃபாவைக் கூட்டிவிடலாம். உங்கள் 0.91இல் அவர்கள் பங்கு எவ்வளவு என்று அவர்களை நீக்கிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். அடுத்த முறை "இந்த வரிக்கு 2ஐத் தொடுங்கள்" என்று நடுவில் ஒரு கவனச் சோதனை வையுங்கள்.

யார் நிரப்பினார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. உங்கள் வகுப்புத் தோழிகள், அவர்களின் தம்பிகள், அவர்கள் காலேஜ் குரூப். 312இல் காசிமேட்டுப் படகில் போகிறவர் எத்தனை பேர்? பெரிய ஆய்வுகளும் இதிலிருந்து தப்பவில்லை. பீட்டர்சனும் செலிக்மனும் 2004இல் 24 நற்குணங்களைப் பட்டியலிட்டு, அவற்றை அளக்க 240 வாக்கியக் கேள்வித்தொகுப்பை இணையத்தில் வைத்தார்கள். 2006இல் 54 நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விடைகள் அலசப்பட்டன. எண்ணிக்கை பிரமாதம். ஆனால் அவர்கள் எல்லோரும் இணையத்தில் தன் நற்குணத்தை அளந்து பார்க்கத் தானாகத் தேடி வந்தவர்கள், ஆங்கிலத்தில் படிக்கக்கூடியவர்கள். அந்த 24ஐ ஆறு பெருங்குணங்களாகத் தொகுத்திருந்ததும் பின்னால் வந்த பல பகுப்பாய்வுகளில் அப்படியே திரும்ப வரவில்லை. (அந்தத் தொகுப்பிலிருந்து வாக்கியம் எடுத்திருந்தால் அதன் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். வைவாவில் இதைக் கேட்பார்கள்.)

ஃபேக்டர் அனாலிசிஸ், அதாவது எந்த வாக்கியங்கள் ஒரே காரணியின் கீழ் சேர்கின்றன என்று பார்க்கும் முறை, பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, புத்தகங்களில் நிறைய இருக்கிறது. 312ஐ இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வாக்கியங்கள் எப்படிச் சேர்கின்றன என்று தேடுங்கள், மறு பாதியில் உங்கள் மூன்று குண அமைப்பு நிற்கிறதா என்று சோதியுங்கள். ஒரே தரவில் தேடி அதே தரவில் உறுதிசெய்வது, வினாத்தாளைத் தானே எழுதித் தானே பாஸ் ஆவது மாதிரி. எத்தனை காரணி என்பதற்கு 'ஐகன் மதிப்பு ஒன்றுக்கு மேல்' என்ற பழைய விதியை விட்டுவிட்டு, தாறுமாறான போலித் தரவோடு ஒப்பிட்டு எண்ணுகிற, ஹார்ன் 1965இல் சொன்ன இணைப் பகுப்பாய்வைப் பயன்படுத்துங்கள். மாதிரி தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்க ஹூ, பென்ட்லர் 1999இல் சொன்ன எல்லைகள் (CFI 0.95, RMSEA 0.06) வழிகாட்டிகள்தான். மூன்றுக்குப் பதில் ஒரே காரணி வைத்த மாதிரியையும் ஓட்டி ஒப்பிடுவதுதான் உங்களுக்கு உண்மையில் தேவை.

அதற்குப் பிறகு வெளியுலகம். டீனரின் ஐந்து வாக்கிய வாழ்க்கைத் திருப்தி அளவுகோலை (1985) கூடவே கொடுங்கள், நன்றியுணர்வும் நம்பிக்கையும் அதோடு ஓரளவு சேர்ந்து நகர வேண்டும். ஆனால் நன்றியுணர்வும் நம்பிக்கையும் தங்களுக்குள் 0.85 என்று ஒட்டிக்கொண்டால் இரண்டு பெயரில் ஒரே பொருளை விற்கிறீர்கள். நல்ல பெயர் வாங்கும் ஆசையை அளக்க க்ரௌன்–மார்லோவின் 33 வாக்கியங்கள் 1960இலிருந்து இருக்கின்றன, அதன் சுருக்க வடிவம் ஒன்றைச் சேருங்கள். நம் ஊரில் இதற்கு மறுபக்கமும் உண்டு. தன்னைப் பற்றித் தானே நல்லதாகச் சொல்லக் கூசுகிற பெண்கள் நடு எண்ணைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு விடாமுயற்சி குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்த ஆதாரம் வேறொன்று, அது வடசென்னையில்தான் சுலபமாகக் கிடைக்கும். வியாசர்பாடியில் ஃபுட்பால் டீமுக்குப் பஞ்சமில்லை, கேரம் கிளப் இருக்கிறது, ராயபுரம் பக்கம் பாக்ஸிங் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அந்த மாஸ்டருக்குத் தன்னிடம் விடிகாலையில் வருகிற பையன்களில் யார் தோற்றாலும் மறுநாள் வருவான், யார் வரமாட்டான் என்று தெரியும். அவர் தரும் வரிசையும் உங்கள் அளவுகோல் தரும் வரிசையும் ஓரளவாவது ஒத்துப்போகிறதா பாருங்கள். அவருக்கும் செல்லப்பிள்ளை இருப்பான், அதனால் இரண்டு மாஸ்டர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். நாற்பது பையன்கள் போதும். அந்த நாற்பது, ஃபார்ம் நிரப்பிய இன்னொரு முந்நூறைவிட அதிகம் பேசும். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் சம்மதமும் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முதலில்.

குணம் என்றால் நிலைத்து நிற்க வேண்டும். அதே ஆட்களிடம் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி கேட்டு ஒப்பிட வேண்டும். எப்போது கேட்கிறீர்கள் என்பதில் கவனம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மார்ச் கடைசியில் ஒருமுறையும் ஏப்ரல் கடைசியில் ஒருமுறையும் காசிமேட்டில் "எதிர்காலம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டால், மாறியிருப்பது குணமா, அடுப்பா? இரண்டு முறையும் தடைக்காலத்துக்கு ஒரே பக்கத்தில் விழட்டும்.

கடைசியாக, கைடு ஆசைப்படும் அந்த வடசென்னை–தென்சென்னை ஒப்பீடு. இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கத்தாரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே மாதிரி புரிந்துகொண்டு, ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்று காட்டினால்தான் சராசரிகளை ஒப்பிடலாம். அதற்கு அளவீட்டு மாறாமை என்று படிப்படியான சோதனை இருக்கிறது, அதில் தொடக்கப் புள்ளிகளும் சமம் என்று காட்டும் படிவரையாவது தேற வேண்டும். 'பின்வாங்க மாட்டேன்' ஒரு தெருவில் சண்டையாகவும் இன்னொரு தெருவில் பரீட்சையாகவும் கேட்கிறது என்றால் சராசரி எதையும் சொல்லாது. ஆனால் "வடசென்னை இளைஞர்களிடம் நம்பிக்கை குறைவு" என்ற வரியை யாராவது தலைப்பாக்கிவிடுவார்கள். நம் பகுதியைப் பற்றி அப்படிப்பட்ட வரிகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

உங்களுக்கு நேரம் குறைவு என்று தெரியும். கையில் உள்ள 312ஐத் தூக்கிப் போட வேண்டாம். அது முன்னோட்ட ஆய்வு, தலைப்பையும் அப்படியே மாற்றுங்கள். பத்துப் பேர் பேட்டியை இந்த மாதத்துக்குள் முடித்து, கெட்ட வாக்கியங்களை எடுத்துவிட்டு, மாஸ்டர்களின் நாற்பது பையன்களிடம் தாளில் கொடுத்து வாங்கினாலே ஒரு எம்.எஸ்சி. ஆய்வுக்குத் தாராளம். கைடிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்குவீர்கள். எதுவும் வாதாட வேண்டாம். குணத்துக்கு ஒன்றாக மூன்று ஆல்ஃபாவையும், ஒரே எண் அடித்தவர்களை நீக்கியபின் வந்த ஆல்ஃபாவையும் ஒரே அட்டவணையில் போட்டு அவர் மேசையில் வையுங்கள். "இது ஏன் இறங்கிச்சு?" என்று அவரே கேட்பார்.